மணியை மாற்றுவதா, முதல் பாடவேளையை மாற்றுவதா? கடலோரத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு ஒப்பீடு

"எட்டரைக்கே மணி அடிச்சு மூணு மணிக்கு விட்டுடலாமே சார்?" ஜூன் பிறந்தால் ராமநாதபுரம் கரையில் மண்டபத்திலிருந்து தொண்டி வரை ஏதாவது ஒரு பள்ளி மேலாண்மைக் குழுவில் இந்தக் கேள்வி வந்துவிடும். அதே கூட்டத்தில் இன்னொரு அம்மா, "இப்ப உள்ள ஒன்பது மணிக்கே அனுப்ப முடியல, கொஞ்சம் தள்ளி வைங்க" என்பார். "மாத்தினா சொல்லுவோம், வாட்ஸ்அப்ல போடுவோம், பாத்துக்கங்க" என்று தலைமையாசிரியர் முடித்துவைப்பார். நேரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவர்கள், அது வீடுகளுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதை ஒரே வரியில் கடந்துவிடுவார்கள்.

இப்படி முடிவெடுக்கத் திணறும் குழுக்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கரையின் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகள் மணியில் கை வைக்கத் தேவையில்லை. முதல் நாற்பது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். அதற்கு விதிவிலக்கான ஊர்களும் உண்டு. உங்கள் ஊர் அதில் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், பிள்ளை கிளம்பும் நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ராமேஸ்வரம், மண்டபம் பகுதியில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் அடுத்த நாள் காலை கரை சேர்கின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. அப்படியானால் செவ்வாயும் வியாழனும் காலையில் விசைப்படகுக் குடும்பத்து அம்மா மீன் பிரிக்கவோ ஏலத்துக்கோ கரையில் நிற்பார். வருகைப்பதிவேட்டை எடுத்து, தாமதமாக வந்தவர்களைக் கிழமை வாரியாக எண்ணிப் பாருங்கள். தாமதம் ஐந்து நாளும் ஒரே மாதிரி இருக்கிறதா, குறிப்பிட்ட கிழமைகளில் குவிகிறதா என்று தெரிந்துவிடும். குவிகிறது என்றால் அந்த ஊரின் சிக்கலுக்கு மணி காரணமில்லை.

கடல் பாசி எடுக்கும் பெண்களின் கணக்கு வேறு. கடல் வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். அதைத் துரத்திக்கொண்டு எந்தப் பள்ளியும் மணி அடிக்க முடியாது. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்குப் போகிறவர்கள் வெயிலுக்கு முன்பே வேலையில் இறங்கிவிடுவார்கள். சாயல்குடிப் பக்கம் பதநீர்க் காலத்தில் அப்பா பனையில், அம்மா கருப்பட்டி காய்ச்சும் அடுப்பில். ஆக, 'கடற்கரைப் பெற்றோர்' என்று ஒரே ஆளாக நினைத்துக்கொண்டு நேரம் வகுத்தால் கதை அங்கேயே கெட்டுவிடும்.

இரண்டாவது, காலை உணவு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எட்டேகாலிலிருந்து எட்டு ஐம்பதுக்குள் பரிமாறி முடிக்கிற மாதிரிதான் அதன் நேரம். பள்ளி மணியை நகர்த்தினால் அடுப்பு பற்றவைக்கும் நேரமும் நகரும். சமைக்கிறவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்கள் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உண்டு, அவர்கள் தெருவிலும் காவிரித் தண்ணீர் வருகிற நேரத்துக்குக் குடத்தோடு நிற்க வேண்டும்.

மூன்றாவது, விடுகிற நேரம். எல்லோரும் காலையைப் பற்றியே பேசுகிறார்கள். நான் மாலையைத்தான் முதலில் கேட்பேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது பெரும்பாலும் அக்காதான். அவள் ஏழாம் வகுப்பில் வேறு பள்ளியில் இருந்தால், சின்னது அவளுக்காக எங்கே காத்திருக்கும்? கடல் நூறு அடியில் இருக்கிற ஊரில் இது சாதாரணக் கேள்வி இல்லை.

சட்டம் ஒரு தடையாக இராது. கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல் வேண்டும் என்கிறது. நாளுக்கு நான்கு மணி நேரம். கீழே சொல்லும் எல்லா வழிகளிலும் அது தாராளமாகக் கிடைக்கும். ஆனால் நேரத்தை நகர்த்துவதாக இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கிவிட்டுச் செய்யுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதினால் மட்டும் போதாது.

வெயில், மழை, ஆசிரியர் வரும் பஸ் ஆகியவை அடுத்த வரிசை. முக்கியம்தான், ஆனால் மேலே சொன்ன மூன்றும் ஒத்துவந்தால் இவற்றைச் சமாளித்துக்கொள்ளலாம்.

## வழி ஒன்று: ஒன்பது முதல் நான்கு, இருந்தபடியே

இதன் பெரிய பலம், எல்லோருக்கும் பழகியது என்பதே. காலை உணவு, சத்துணவு, பஸ், பக்கத்து நடுநிலைப் பள்ளி எல்லாமே இதை ஒட்டித்தான் ஓடுகின்றன.

மறைந்திருக்கும் செலவு, ஒன்பதிலிருந்து பத்துக்குள் நடக்கிறது. தாமதமாக வரும் பிள்ளை பிரேயர் முடியும் வரை கேட்டுக்கு வெளியே நிற்கும். முதல் பாடவேளையில் கணக்கு என்றால், அந்தப் பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு நாள் கணக்கின் தொடக்கம் கிடைக்காது. ஒரு வருடம் இப்படிப் போனால், 'இவனுக்குக் கணக்கு வராது' என்று பெயர் கட்டிவிடுவோம். இன்னொன்றும் உண்டு: நேரம் கழித்துப் போனால் திட்டு விழும் என்று தெரிந்த பிள்ளை, அன்றைக்கு லீவே போட்டுவிடும். தாமதம் என்று எழுத வேண்டியது ஆப்சென்ட் என்று ஏறும்.

தாமதம் குறைவாகவும் எல்லாக் கிழமையிலும் பரவலாகவும் இருக்கிற ஊருக்கு இந்த வழியே போதும்.

## வழி இரண்டு: எட்டரை முதல் மூன்று

கேட்கிறவர்கள் சொல்லும் காரணம் வெயில். அதில் உண்மை இருக்கிறது. மார்ச் கடைசியில் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட வகுப்பறையில் மூன்று மணிக்கு மேல் பாடம் நடக்காது, ஒப்பேற்றல்தான் நடக்கும். கடல் காற்று வந்தாலும் புழுக்கம் போகாது. காலை எட்டரையில் பிள்ளைகளின் முகத்தில் இருக்கும் தெளிவே வேறு.

ஆனால் செலவைக் கணக்குப் போடுங்கள். எட்டரைக்கு மணி என்றால் காலை உணவை ஏழே முக்காலுக்குப் பரிமாற வேண்டும். சமைக்கும் பெண்கள் விடியும் முன்பே அடுப்பை மூட்டியிருக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் தீர்மானம் போட்டால், உணவு அதே நேரத்துக்குத்தான் வரும், முதல் பாடவேளையில் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் மாதிரி ஊர்களில் பிள்ளைகள் காலையில் மதரஸாவுக்கு ஓதப் போய்விட்டு வந்துதான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறார்கள். எட்டரை மணி அங்கே நேராக ஓதும் நேரத்தில் போய் மோதும். ஜமாஅத்தோடு பேசி ஓதும் நேரத்தையும் முன்னால் கொண்டுவர முடியுமா என்று கேட்கலாம். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையை ஐந்தரைக்கு எழுப்பச் சொல்கிறோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அப்புறம் ஆசிரியர்கள். பலர் ராமநாதபுரம், பரமக்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். பாம்பன் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை, தீவுக்குள் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சாலை மட்டும்தான் வழி. ரயில் திரும்ப வந்துவிட்டது என்றாலும், உள்கிராமத்துக்குப் போகிற முதல் டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் நம் கேள்வி. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பஸ்ஸைத் தவறவிட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில்.

மாலை மூன்று மணிக்கு விட்டால் அக்கா வருவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. அந்த நேரத்தைப் பள்ளி வளாகத்திலேயே ஒரு தன்னார்வலரோ சத்துணவுப் பணியாளரோ பார்த்துக்கொள்ள முடியுமானால் சரி. முடியாது என்றால், 'வெயிலில் இருந்து காப்பாற்றுகிறோம்' என்று சொல்லிப் பிள்ளையைக் கரைக்கு அனுப்பியவர்கள் ஆவோம்.

இந்த வழி எங்கே நல்லது? ஒன்று முதல் எட்டு வரை ஒரே வளாகத்தில் இருக்கும் நடுநிலைப் பள்ளியில் நல்லது. அக்காவும் தம்பியும் சேர்ந்தே போவார்கள். உப்பளக் குடும்பங்கள் அதிகமாக இருந்து, பெற்றோர் மதியத்துக்குள் வீடு திரும்பும் ஊரில் நல்லது. ஆனால் அங்கேயும் காலையில் கிளப்பிவிட வீட்டில் பாட்டி இருக்க வேண்டும். வருடம் முழுக்க வேண்டாம், மார்ச், ஏப்ரலுக்கு மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டால் எதிர்ப்பும் குறையும்.

## வழி மூன்று: பத்துக்குப் பக்கமாகத் தொடங்குவது

ஒன்பதே முக்காலுக்குத் தொடங்கி நாலரைக்கு விடலாம் என்பார்கள். ஏலம் முடிந்து அம்மா வீடு வந்து, தலை சீவி அனுப்ப நேரம் கிடைக்கும். ஓதிவிட்டு வரும் பிள்ளைகளும் மூச்சு விடலாம். ஆனால் காலை உணவு முடிந்த பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிள்ளைகள் மைதானத்தில் சும்மா நிற்பார்கள்; அல்லது உணவையும் தள்ளிவைத்தால், வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள். அந்தத் திட்டம் எதற்காக வந்ததோ அதுவே அடிபட்டுப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலரைக்கே இருட்டிக்கொண்டு வரும் நாட்களை நினைத்தால் எனக்கு இந்த வழியில் மனம் ஒப்பவில்லை. மதரஸா நேரம் எட்டரைக்கு மேலும் நீளும் ஊர்களுக்கு மட்டும், அதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல், யோசிக்கலாம்.

## வழி நான்கு: மணி அப்படியே, உள்ளே மாற்றம்

ஒன்பதுக்கு மணி அடிக்கும். ஆனால் 9.40 வரை புதிய பாடம் எதுவும் கிடையாது. வாசிப்பு, கதை, பாட்டு, ஓவியம், நேற்று நடத்தியதை மீண்டும் சொல்லிப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். நூலகப் புத்தகம் அலமாரியில் பூட்டியிருந்தால் அது வெளியே வரவும் ஒரு காரணம் கிடைக்கும். கணக்கும் புதிய பாடமும் 9.40-க்குப் பிறகு. கடைசிப் பாடவேளையில் இருபது நிமிடம், காலையில் தவறவிட்டவர்களுக்கு. தாமதமாக வரும் பிள்ளை கேட்டில் நிற்காமல் நேரே வந்து உட்காரும்.

வாசிப்பு, எழுத்து, கணக்கின் அடிப்படைக்காக 2022-இல் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஏற்கெனவே அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை வாரியாகப் பிரித்துத்தான் நடத்துகிறார்கள். அதற்கு இந்த முதல் நாற்பது நிமிடம் இயல்பாகப் பொருந்தும். நான்கு, ஐந்துக்குக் கொஞ்சம் திட்டமிட வேண்டும்.

செலவு இல்லாமல் இல்லை. 'ஒன்பதே முக்காலுக்குப் போனால் போதும்' என்று நேரத்துக்கு வந்துகொண்டிருந்த வீடுகளும் தளர்ந்துபோகும். அதைத் தடுக்க, அந்த நாற்பது நிமிடம் பிள்ளைகள் தவறவிட விரும்பாததாக இருக்க வேண்டும். இது முழுக்க ஆசிரியரின் கையில் இருக்கிறது. செல்போன் செயலியில் வருகைப்பதிவு போட வேண்டிய வேலையும் அதே நேரத்தில் வரும். ஆர்வமுள்ள ஆசிரியர் மாற்றலாகிப் போனால் வழி நான்கு ஒரே மாதத்தில் வழி ஒன்றாகிவிடும். அதனால் கால அட்டவணையிலேயே எழுதி ஒட்டுங்கள், ஆளை நம்பி விடாதீர்கள்.

குறிப்பிட்ட கிழமைகளில் தாமதம் குவியும் விசைப்படகு ஊர்களுக்கு, பாசி எடுக்கும் குடும்பங்கள் உள்ள ஊர்களுக்கு, பல தொழில்கள் கலந்த ஊர்களுக்கு இதுவே என் தேர்வு. யாருடைய அடுப்பையும் பஸ்ஸையும் இது தொடவில்லை.

| | காலை உணவு | அக்கா–தம்பி ஏற்பாடு | ஆசிரியர் பஸ் | யாருக்கு |
|---|---|---|---|---|
| 9–4 | சிக்கல் இல்லை | சிக்கல் இல்லை | சிக்கல் இல்லை | தாமதம் குறைவான ஊர் |
| 8.30–3 | முன்னால் நகர வேண்டும் | மாலையில் இடைவெளி | கஷ்டம் | 1–8 ஒரே வளாகம், உப்பள ஊர், கோடை |
| 9.45–4.30 | இடையில் சும்மா காத்திருப்பு | அக்கா காத்திருக்க வேண்டும் | எளிது | ஓதும் நேரம் நீளும் ஊர் |
| உள்ளே மாற்றம் | சிக்கல் இல்லை | சிக்கல் இல்லை | சிக்கல் இல்லை | படகு, பாசி, கலப்புத் தொழில் ஊர் |

## சரி, வீட்டுக்கு எப்படிச் சொல்வது?

எந்த வழியை எடுத்தாலும், சேதி போய்ச் சேராவிட்டால் முதல் வாரமே குழப்பம். இங்கேயும் நான்கு வழிகள் இருக்கின்றன. அளவுகோல் மூன்றே: யார் கைக்குப் போகிறது, எத்தனை மணிக்குப் போகிறது, போய்ச் சேர்ந்ததா என்று பள்ளிக்குத் தெரியுமா.

வாட்ஸ்அப் குழு. செலவில்லை, உடனடி. ஆனால் ஸ்மார்ட்போன் பல வீடுகளில் ஒன்றுதான், அது அப்பாவோடு கடலில் இருக்கும். வீட்டில் இருப்பது பட்டன் போன். கரையிலிருந்து தள்ளிப் போனால் டவர் கிடைக்காது. தனுஷ்கோடிப் பக்கமோ போனில் இலங்கை டவர் வந்து விழும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். வருமானம் நிற்கும்போது முதலில் நிற்பது ரீசார்ஜ். பள்ளி திறக்கும் நாள், புதிய நேரம், புத்தகம் வாங்கும் நாள் எல்லாம் சொல்ல வேண்டிய அதே ஜூனில் பாதிப் பேர் இணைப்பில் இருக்க மாட்டார்கள். போதாததற்குக் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே சேதி புதைந்துபோகும். குழுவை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆசிரியர் மட்டும் அனுப்புகிற மாதிரி பூட்டிவிடுங்கள். எழுத்தை விட அரை நிமிடக் குரல் பதிவு நல்லது. படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்பார். இரவு ஏழு மணிக்கு அனுப்புங்கள். காலை பத்து மணிக்கு அனுப்பும் சேதியைப் பார்க்க யாரும் இல்லை. பிள்ளைகளின் படங்களைப் பெற்றோரைக் கேட்காமல் போடாதீர்கள்.

துண்டுச்சீட்டு. பழைய முறை என்று ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன். நேர மாற்றம் என்றால் ஒரே நிறத் தாள், உதாரணமாக மஞ்சள், என்று பழக்கிவிட்டால் படிக்கத் தெரியாதவரும் 'மஞ்சச் சீட்டு வந்திருக்கு, என்னமோ இருக்கு' என்று பக்கத்து வீட்டில் கேட்பார். அடியில் கிழித்துத் திருப்பித் தரும் பகுதியில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினால், யாருக்குப் போகவில்லை என்று மறுநாளே தெரியும். மற்ற மூன்று வழிகளிலும் இது இவ்வளவு உறுதியாகத் தெரியாது. நான்காம் வகுப்புப் பிள்ளை அதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினால் அதுவும் ஒரு வாசிப்புப் பயிற்சி. செலவு: தாள், அச்சு, திரும்பி வந்ததை எண்ண ஆசிரியருக்கு அரை மணி நேரம். அவசரச் சேதிக்கு உதவாது.

ஒலிபெருக்கி. புயல் கூண்டு ஏற்றிய நாளில், மழைக்கு லீவு விட்ட காலையில், இதை மிஞ்ச எதுவும் இல்லை. பள்ளிவாசல், கோயில், தேவாலயம், மீனவர் சங்கம் என்று ஊருக்கு ஒரு மைக் இருக்கும். தண்டோரா போடும் வழக்கத்தை 2022-இல் அரசே நிறுத்தச் சொல்லிவிட்டது, ஆகவே ஆட்டோவில் மைக் கட்டுவதுதான் மாற்று. கலப்பு ஊரில் ஒரே வழிபாட்டிடத்தின் மைக்கில் மட்டும் சொன்னால், 'எங்களுக்குச் சொல்லலியே' என்று வரும். அந்த ஊரில் எல்லா மைக்கிலும் சொல்லுங்கள், அல்லது சங்கத்து மைக்கில் மட்டும் சொல்லுங்கள். ஒரு பிள்ளையின் வருகையைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ மைக்கில் சொல்லவே கூடாது என்று தனியாக எழுதவும் வேண்டுமா என்ன.

தெருவுக்கு ஓர் அம்மா. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அவர்களுக்குத் தெருவைப் பிரித்துக் கொடுங்கள். எந்த வீட்டு அம்மா நண்டு கம்பெனிக்குப் போயிருக்கிறார், எந்தப் பிள்ளை சித்தி வீட்டில் தங்கியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், குழுவின் அட்மினுக்குத் தெரியாது. மறைந்த செலவு, இது கூலியில்லாத வேலை. இரண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்றால் சேதியும் நின்றுபோகும். வாய் மாறி வாய் போகும்போது 'எட்டரை' 'எட்டு' ஆகவும் செய்யும். அதனால் அவர் கையில் சீட்டும் இருக்கட்டும். பருவத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

என் சேர்க்கை இது: நேர மாற்றத்துக்கு மஞ்சள் சீட்டும் தெரு அம்மாவும், திடீர் விடுமுறைக்கு மைக், நினைவூட்டலுக்கு வாட்ஸ்அப் குரல் பதிவு. எழுதப் படிக்கத் தெரிந்த இளம் பெற்றோர் அதிகமாகவும் அப்பா உள்ளூர் வேலையிலும் இருக்கிற ஊரில் வாட்ஸ்அப்பை முதலில் வைத்தாலும் குற்றமில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கும் இதே கணக்குத்தான். விசைப்படகு ஊரில் செவ்வாய் அல்லது வியாழன் மாலை வைத்தால் அப்பாக்கள் கரையில் இருப்பார்கள், தூங்கியும் எழுந்திருப்பார்கள். நாட்டுப்படகு ஊரில் வேறு நாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தைத் தொட வேண்டாம்.

## எப்போது சோதித்துப் பார்ப்பது

ஜூனில் பள்ளி திறந்த உடனே புதிய நேரத்தைச் சோதிக்காதீர்கள். தடைக்காலம் முடிந்து படகு போகத் தொடங்கும் வரை அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், எந்த நேரம் வைத்தாலும் நன்றாக ஓடுவது மாதிரித் தெரியும். ஜூலையில் நான்கு வாரம் வைத்துப் பாருங்கள். மூன்று எண்கள் போதும்: கிழமை வாரியாகத் தாமதம், கிழமை வாரியாக ஆப்சென்ட், திரும்பி வராத சீட்டு. ஆகஸ்டுக் கூட்டத்தில் அந்தத் தாளை நடுவில் வைத்துவிட்டுப் பேசுங்கள். சமைக்கும் பெண்களையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். குழுவில் உறுப்பினராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மழைக்காலத்துக்கு முன், செப்டம்பர் கடைசியில், இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். வாடைக்காற்று தொடங்கிய பிறகு கடலுக்குப் போகும் நாட்களே மாறிவிடும். அப்போது வரும் எண்ணை ஜூலை எண்ணோடு ஒப்பிட முடியாது.